அவள் பெயரில் இருந்த வீடு



எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரம் ஞாயிறு திருப்பலியில் வாசிக்கப்படும் பகுதி அன்று. ஆகவே மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா என்னும் ஐந்து சகோதரிகளின் பெயர்களை நம்முள் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டோம். அவர்கள் செலொபுகாது என்பவரின் புதல்வியர். தந்தை பாலைநிலத்தில் இறந்துபோனார். அவருக்கு ஆண் மக்கள் இல்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டில் காணி பகிரப்படும் வேளையில், மகன் இல்லாத அக்குடும்பம் பங்கின்றிப் போகும் நிலை ஏற்பட்டது. ஐவரும் சந்திப்புக் கூடாரத்தின் வாயிலுக்கே சென்று நின்றார்கள். மோசே, குரு எலயாசர், தலைவர்கள், மக்கள் கூட்டம் ஆகிய அனைவரும் பார்த்திருக்க, மகன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் தந்தையின் பெயர் அழிய வேண்டுமா, எங்களுக்குக் காணி தாருங்கள் என்று கேட்டார்கள். மோசேயிடம் உடனடியாக விடை இல்லை. அவர் அவ்வழக்கை ஆண்டவரிடம் கொண்டுபோனார். அப்பெண்கள் கேட்பது முறையானதே என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார்.

திருவிவிலியத்தில் பெண்கள் பலர் பெயரின்றியே வந்துபோகிறார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், ஊராரால் பாவி எனப்பட்டவள் என்பதோடு சரி. ஆனால் இந்த ஐவரின் பெயர்களும் எண்ணிக்கை நூலிலும் யோசுவா நூலிலும் திரும்பத் திரும்ப முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன. காணி உறுதியில் பெயர் எழுதுவது போன்றதொரு கவனம் அதில் உண்டு என்று நான் எண்ணுவதுண்டு.

இந்த ஐவரை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நம் நாட்டின் கிழக்குக் கரைக்குச் செல்கிறது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில் பெரியநீலாவணையைக் கடந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரும். முஸ்லிம் ஊர் ஒன்று, தமிழ் ஊர் ஒன்று என மாறி மாறி அமைந்த கரையோரம் அது. தொழுகை அழைப்பும் கோயில் மணியும் ஒரே காற்றில் கலந்து வரும். இடையிடையே நம்முடைய சிற்றாலயங்களும் உண்டு. பேசும் மொழி எல்லோருக்கும் தமிழே.

மொழியைப் போலவே இன்னொன்றும் இவர்களுக்குப் பொதுவானது. இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்த நாள்முதல் அவளுக்கொரு வீடு என்ற எண்ணம் பெற்றோரின் நெஞ்சில் குடியேறிவிடும். திருமணத்தின்போது அந்த வீடும் வளவும் அவள் பெயரில் எழுதப்படும். மணமகன் அவள் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோரும் மணமாகாத இளையவர்களும் அதே வளவிலோ அருகிலோ மற்றொரு வீட்டைக் கட்டிக்கொண்டு பெயர்ந்து செல்வர். அடுத்த மகளுக்கும் அவ்வாறே. பெற்றோர் இறுதிவரை வாழ்ந்த வீடு பெரும்பாலும் கடைசி மகளைச் சேரும். இதனால் உம்மா, ராத்தா, சாச்சி என்று ஒரே வேலிக்குள் பெண்கள் சூழ வாழும் அமைப்பு உருவாகிறது. குடிப்பெயரும் தாய்வழியே வருகிறது. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காரும் இந்துக் கோயிலில் குடிக்கொரு வண்ணக்கரும் இருந்துவந்த மரபு இதனோடு இணைந்தது. மட்டக்களப்பு மறைமாவட்டத்தின் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் வீட்டைப் பொறுத்தவரை இவ்வூர் வழமையையே கைக்கொள்கின்றன. பல பத்தாண்டுகளாக அக்கரைப்பற்றை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியிருக்கிறார்.

சீதனத்தைப் புகழ்வதற்கு ஒரு குரு எழுதுகிறாரா என்று நீங்கள் வியக்கலாம். இல்லை. இவ்வழமையின் சுமையை நான் மறைக்கப்போவதில்லை. சகோதரிகளுக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தம் திருமணத்தைத் தள்ளிப்போடும் இளைஞர்கள் இக்கரையெங்கும் உண்டு. மகளின் வீட்டுச் சுவரை எழுப்புவதற்காக மத்திய கிழக்கில் அந்நியர் வீட்டுப் பாத்திரம் கழுவப் போன தாய்மாரும் உண்டு. வீட்டோடு ரொக்கமும் நகையும் கேட்கும் பேராசை இங்கும் புகுந்துவிட்டது. ஆயினும் மணமகன் வீட்டார் கையில் கொடுக்கப்பட்டு மறைந்துபோகும் பணமும், பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட வீடும் ஒன்றல்ல. குடும்பத்தில் பிணக்கு வந்தால் இக்கரையில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவன் கணவன். பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்கும் நிலை அவளுக்கு வருவதில்லை. போரில் கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்கு, தமிழரானாலும் முஸ்லிமானாலும், அந்தக் கூரையே இறுதிவரை துணை நின்றது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை அன்று திருக்குடும்ப விழாவைக் கொண்டாடியது. நாசரேத்து வீட்டைப் பற்றிய மறையுரைகள் நிகழ்ந்துகொண்டிருந்த காலை வேளையில் கடல் எழுந்து வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர். அம்மாவட்டத்தின் முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அக்குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களும், இளையோரைவிடச் சிறு பிள்ளைகளும் முதியோரும் கூடுதலாக மாண்டார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே ஆபத்து மிகுதியாக இருந்தது. அந்நேரம் வீட்டுக்குள் இருந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அலை வீட்டைக் கொண்டுபோனது. வீட்டோடு பெட்டியையும், பெட்டிக்குள் இருந்த உறுதியையும் கொண்டுபோனது. பின்னர் உதவி வந்தது. உலகெங்குமிருந்து மனமுவந்து வந்த உதவி அது. நாம் நன்றி மறத்தல் ஆகாது. ஆனால் உதவியோடு ஒரு படிவமும் வந்தது. அப்படிவத்தின் முதல் வரிகளிலேயே ஒரு கேள்வி இருந்தது: குடும்பத் தலைவர் யார்?

இச்சொல்லுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் திட்டமான வரைவிலக்கணம் இல்லை. அலுவலகப் பழக்கத்தால் நிலைபெற்ற சொல் அது. கணவன் உயிரோடு இருந்தால் அவனே தலைவன் என்று எழுதிவிடுவது வழக்கம். முழுமையாக அழிந்த வீட்டுக்கு அரசு அறிவித்த உதவி 250,000 ரூபா. இதுபோன்ற கொடுப்பனவுகள் பெரும்பாலும் ஆணின் வங்கிக் கணக்கையே தேடிச் சென்றன. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீண்டும் வீடு கட்டலாகாது என முதலில் விதிக்கப்பட்டபோது, கரையோரத்தில் நெருங்கி வாழ்ந்தவர்களை அரச காணிகளில் குடியேற்றத் திட்டமிடப்பட்டது. அங்கே கொடுக்கப்பட்ட புதிய வீட்டின் பத்திரத்திலும் குடும்பத் தலைவரின் பெயரே இடம்பெறுவதாயிற்று. கடல் கொண்டுபோன வீடு அவள் பெயரில் இருந்தது. அதற்கு ஈடாக வந்த வீடு அவன் பெயருக்குப் போனது. இதில் எவரும் தீய எண்ணம் கொண்டிருந்ததாக நான் கருதவில்லை. படிவத்தை ஆக்கியவருக்கு இந்த ஊர் தெரியாது, அவ்வளவே. தெரியாதவர் கேட்டறிந்திருக்கலாம் அல்லவா?

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மனைவி இறந்து கணவன் எஞ்சிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஊர் வழமைப்படி இறந்த தாயின் வீடு அவளுடைய மகள்மாருக்கு உரியது. தந்தை மறுமணம் செய்தால் அவர் புதிய மனைவியின் வீட்டுக்குச் செல்வார். புதிய வீடு தந்தையின் பெயருக்கு எழுதப்பட்ட பின்னரோ, அவ்வீட்டில் தாயற்ற மகளின் இடம் தந்தையின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். ஒரு தலைமுறைக்குப் பின் அவளுக்கு என்ன எஞ்சும்? வீட்டுப் பத்திரம் உறுதியற்றுக் கிடந்த காலத்தில், மகளுக்கு எதைக் கொடுத்து மணம் முடிப்பது என்ற கவலையே முகாம்களில் தாய்மாரின் நெஞ்சை அரித்தது என்பதை மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்ஸும் தம் ஆய்வில் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. இங்கேதான் செலொபுகாதின் புதல்வியரை நான் மீண்டும் காண்கிறேன். 2005இன் தொடக்கத்திலேயே பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடி, உதவிப் பணமும் வீட்டுரிமையும் பெண்ணின் பெயரிலோ, குறைந்தது இருவர் பெயரிலோ வழங்கப்பட வேண்டும் என்று கேட்டன. மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், அக்கரைப்பற்றின் பாதிக்கப்பட்ட பெண்கள் அரங்கம் போன்றவை இக்கரையோரப் பெண்களோடு தோள் நின்ற அமைப்புகள். பின்னையது இன வேறுபாடின்றிப் பெண்களை ஒன்றாக இருத்திப் பேசவைத்தது. ஒரு தெருவுக்கும் மறு தெருவுக்கும் இடையே ஐயம் நிலவிய காலத்தில் அது சிறு செயலன்று.

ஆயினும் பெயர்பெற்ற அமைப்புகளை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. கிராமந்தோறும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்றொன்று உண்டு. அதன் தலைவியாகவோ செயலாளராகவோ பொருளாளராகவோ இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த பெண்ணொருத்தியை உங்கள் ஊரிலும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவருடைய படிப்பு சிறிதாக இருக்கலாம். கையிலே ஒரு பழைய கோப்பு இருக்கும். எந்தக் கடிதத்தை எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமையில் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆழிப்பேரலைக்குப் பின்னர் இத்தகைய பெண்களின் துணை எத்தனை பெறுமதியானது என்பதை முகாம்களை அறிந்தவர்கள் அறிவார்கள். அழிந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பெற வேண்டும். இறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். இந்த வளவு இன்னாருடையது என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும். கிராம உத்தியோகத்தர் முன்னால், தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள் என்று சொல்லத் துணியாத இளம் கைம்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். சந்திப்புக் கூடாரத்தின் வாயிலில் ஐவர் சேர்ந்து நின்றதன் பொருள் எனக்கு இதனாலேயே விளங்குகிறது. தனியொருத்தி போயிருந்தால் திரும்பிப் போ என்று சொல்லியிருப்பார்கள்.

கடலுக்கு அப்பால் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அதே அலையால் தாக்குண்ட தமிழ்நாட்டில், 2005 மார்ச்சில் அம்மாநில அரசு பிறப்பித்த ஆணை, புதிய வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்குமாறு விதித்தது. நாகப்பட்டினத்து மீனவக் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குரியது என்ற மரபு நம் கிழக்கில் உள்ள அளவுக்கு இல்லை. மரபு இல்லாத இடத்தில் அரசு அவள் பெயரைச் சேர்த்தது. மரபு இருந்த இடத்தில் அரசு அதை விட்டுவிட்டது. அந்த நாகப்பட்டினப் பகுதியில் அரசுக்கு முன்பே இதனைச் செய்துகாட்டியவர் ஒரு கிராமத்துப் பெண் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1926இல் ஏழைத் தலித் குடும்பமொன்றில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர். 1968இல் கீழ்வெண்மணியில் 44 ஏழை உயிர்கள் தீயில் மாண்ட பின்னர் அவரும் கணவரும் அப்பகுதிக்குச் சென்று தங்கினார்கள். 1981இல் லாப்டி என்னும் இயக்கத்தைத் தொடங்கி, நிலக்கிழார்களிடம் பேசிப் பேசி வாங்கிய நிலத்தை உழைக்கும் குடும்பங்களுக்குப் பெற்றுக்கொடுத்தார். நிலம் குடும்பத்துக்கு, பத்திரம் பெண்ணின் பெயருக்கு. இதுவே அவர் கைக்கொண்ட வழி. 2008இல் சரியான வாழ்வாதார விருதும், 2020இல் இந்திய அரசின் பத்மபூஷண் விருதும் அவருக்கு அளிக்கப்பட்டன. ஒரு பெண் நிலத்தின் உரிமையாளர் ஆகும்போது அந்த வீட்டில் பேச்சின் தொனியே மாறுகிறது என்பதை அக்கிராமங்கள் கண்டன.

நம் நாட்டில் தடை இன்னும் ஆழத்தில் இருந்தது. அரச காணி பகிரப்படுவது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி. அனுமதிப்பத்திரம் ஒருவர் பெயருக்கே உரியது என்ற அதன் அமைப்பு, இருவர் பெயரில் உரிமை கேட்ட பெண்களுக்குப் பெருந்தடையாய் நின்றது. அனுமதிப்பத்திரம் உடையவர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், வாழ்க்கைத் துணைக்கு அவர் வாழும்வரை அனுபவிக்கும் உரிமை கிடைக்கும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். பிள்ளைகளுக்குள் மகளைவிட மகனுக்கே முதலிடம் இருந்தது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981இலேயே ஏற்றது. குடும்பத் தலைவர் என்ற நடைமுறையைக் கைவிடுமாறு அவ்வுடன்படிக்கையின் குழுவும் அறிவுறுத்தியது. எனினும் காணிச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இலேயே நிறைவேறியது. கடல் வந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின்பு. செலொபுகாதின் புதல்வியரும் ஒருமுறை கேட்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை. அவர்கள் குலத்து ஆண்கள் மோசேயிடம் சென்று, இவர்கள் வேறு குலத்தில் மணம் முடித்தால் எங்கள் காணி போய்விடுமே என்று முறையிட, குலத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. மோசே இறந்து, யோசுவாவின் காலத்தில் காணி உண்மையாகவே பகிரப்பட்டபோது, அவர்கள் மறுபடியும் போய் ஆண்டவரின் கட்டளையை நினைவூட்ட வேண்டியிருந்தது.

சாய்ந்தமருது என்றதும் உங்களுள் சிலரின் நெஞ்சம் துணுக்குற்றிருக்கும். 2019ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நம் உறவுகள் திருப்பலியிலேயே மடிந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் பிள்ளைகளும் மடிந்தார்கள். ஐந்து நாள்களின் பின் அக்கொடியவர்களின் கூட்டத்தினர் சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் வெடிக்கவைத்துக்கொண்டனர். அந்த வீடு ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்காக வெனிசுவேலா நாட்டின் உதவியோடு அமைந்த பொலிவேரியன் கிராமத்தில் இருந்தது. அங்கு வந்து தங்கியவர்கள்மீது ஐயுற்று அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? அப்பெயரைக் கேட்டதும் வெடியோசை மட்டும் நம் காதில் விழுவது, அங்கே வீட்டுக்காகவும் மகளுக்காகவும் உழைத்து ஓயும் ஆயிரமாயிரம் உம்மாமாருக்கு நாம் செய்யும் அநீதி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இருந்து இதனை வாசிப்பவர்களுள் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உண்டு. அங்கே சீதனக் காணி பெண்ணுடையதுதான். ஆனால் திருமணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் தனிச் சொத்தை விற்க மனைவியின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. மலையகத்திலோ பல குடும்பங்களுக்கு எவர் பெயரிலும் வீடில்லை. அது தனியே எழுத வேண்டிய துயரம். கொழும்பில் கணவனும் மனைவியும் உழைத்துக் கட்டும் வீட்டுக்கு, கடன் எடுத்தவர் அவர்தானே என்று ஒரே பெயரில் உறுதி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவளுடைய நகை எந்த வங்கியில் அடகு போய் அந்த அத்திவாரம் எழுந்தது என்பது உறுதியில் எழுதப்படுவதில்லை. திருமண ஆயத்த வகுப்புகளில் இல்லறத்தின் புனிதம் பற்றி நாம் நிறையச் சொல்கிறோம். வீடு யார் பெயரில் எழுதப்படப் போகிறது என்று மணமக்களிடம் கேட்பதில்லை. கேட்டால் அது உலகக் காரியம் என்று சொல்வார்களோ என்ற தயக்கம் நம் குருக்களிடம் உண்டு. எண்ணிக்கை நூலில் அக்கேள்விக்கு ஆண்டவரே நேரில் விடை சொல்லியிருக்கும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்?

உங்கள் வீட்டுக் காணி அரச அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ உள்ளதாயின், பின்னுரித்தாளராக எவர் பதியப்பட்டிருக்கிறார் என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டறியலாம். எவரும் பதியப்படாதிருந்தால் உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். சொந்த உறுதிக் காணியாயின் நல்ல நொத்தாரிசு ஒருவரிடம் போங்கள். போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். வளர்ந்த மகள் இருந்தால் அவளையும் அழைத்துச் செல்லுங்கள்.